கிராஃபைட் பொடியைத் தூவக்கூடாத இடங்கள்

உராயும் பாகம் எதுவானாலும் கொஞ்சம் கிராஃபைட் பொடியைத் தூவினால் போதும் என்ற எண்ணம், மின்மோட்டார்களைப் பழுதுபார்க்கும் பணியில் நான் அடிக்கடி எதிர்கொள்வது. அந்தப் பொடி வழுக்கும் என்பது பலருக்கும் தெரிந்திருக்கிறது; அது மின்சாரத்தையும் கடத்தும் என்பதுதான் மறந்துபோகிறது.

இரண்டு பண்புகளுக்கும் காரணம் ஒன்றே. கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அறுகோண வலைகளாகப் பிணைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய தளங்களாக இருக்கின்றன. ஒரு தளத்துக்குள் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர், தளத்துக்கும் தளத்துக்கும் இடையிலோ 0.335 நானோமீட்டர். தளர்ந்த பிணைப்பால் தளங்கள் எளிதில் நழுவி உரிகின்றன. ஒவ்வொரு அணுவும் மூன்று அணுக்களோடு மட்டுமே பிணைவதால், எஞ்சும் நான்காவது எலக்ட்ரான் தளமெங்கும் நகர்ந்து மின்சாரத்தைக் கடத்துகிறது. பென்சிலால் எழுதும்போது தாளில் ஒட்டுவதும் இப்படி உரிந்த செதில்களே. (பென்சிலின் எழுதும் குச்சி கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது, அதில் ஈயம் கிடையாது.)

கைத்துளைப்பான், மிக்ஸி போன்றவற்றின் மோட்டார்களில் உள்ள, கிராஃபைட் சேர்ந்த சிறு கட்டியான கார்பன் பிரஷ், சுழலும் கம்யூட்டேட்டர் என்ற செப்புப் பட்டைகளாலான உருளைமீது வழுக்கிக்கொண்டே மின்சாரத்தைச் செலுத்துவதற்கு இவ்விரு பண்புகளும் சேர்ந்தே தேவைப்படுகின்றன. இந்த வழுக்கலுக்குக் காற்றிலுள்ள ஈரப்பதமும் துணை நிற்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மிக உயரத்தில் பறந்த விமானங்களில், வறண்ட மெல்லிய காற்றில் பிரஷ்கள் வெகு விரைவில் தேய்ந்து பொடியானபோதுதான் பொறியாளர்கள் இதைக் கூர்ந்து கவனித்தார்கள். வெற்றிடத்தில் இயங்கும் கருவிகளுக்கு கிராஃபைட்டை விடுத்து மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற வேறொரு உலர் மசகை நாடுவது இதனால்தான்.

பிரஷ் தேயத் தேய உதிரும் கருந்தூள் மோட்டாருக்குள்ளேயே படிகிறது. அது மின்சாரத்தைத் தடுக்கும் காப்புப் பரப்புகளின்மேல் தொடர்ச்சியாகப் படிந்துவிட்டால் மின்சாரம் போகக்கூடாத வழியில் போகத் தொடங்கும். உலோக உடல் கொண்ட, முறையாக நிலத்தொடர்பு (எர்த்) கொடுக்கப்படாத கருவியில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே பிரஷை மாற்றும்போது, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு உள்ளே படிந்த தூளையும் அகற்றுங்கள். காற்றைப் பீய்ச்சி ஊதாமல் உறிஞ்சு கருவியால் எடுப்பதே நல்லது. முகக்கவசமும் அணிய வேண்டும். பல ஆண்டுகள் கிராஃபைட் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு நுரையீரலில் தூசு நோய் உண்டாவது மருத்துவம் அறிந்த உண்மை.

சாவி போடும் சாதாரணப் பூட்டுக்கு கிராஃபைட் பொடி மிகவும் ஏற்றது. எண்ணெயைப்போல் அது தூசியைப் பிடித்து வைக்காது. ஆனால் மின்னணுப் பூட்டு, ஸ்விட்ச், கணினி விசிறி ஆகியவற்றின் அருகே அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

அலுமினியத்திடமும் கவனம் தேவை. ஈரம் பட்டால் கிராஃபைட்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையே மின்வேதி வினை நடந்து அலுமினியம் அரிக்கப்படும். விமானங்களின் அலுமினியத் தகடுகளில் பென்சிலால் கோடு போடுவதைத் தவிர்ப்பதும் இதற்காகவே. வெளியில் மழை படும் அலுமினியச் சட்டங்களின் கீல்களுக்கு, கிராஃபைட் கலவாத சிலிக்கோன் மசகைத் தேர்ந்தெடுங்கள்.