மெயில் சர்வர் கறுப்புப் பட்டியலில் சேர்ந்தால்

அனுப்பிய மெயில்கள் திரும்பி வருகின்றன. ஒவ்வொன்றிலும் 550 அல்லது 554 என்று தொடங்கும் ஒரு வரி. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதலில் படிக்க வேண்டியதே அதைத்தான். ஸ்பேம் (வேண்டாத மெயில்) அனுப்பும் சர்வர்களைத் தொகுத்து வைத்திருக்கும் கறுப்புப் பட்டியல்களில் எதைப் பார்த்து மெயிலை மறுத்தார்கள், காரணத்தை எங்கே பார்க்கலாம் என்பது பெரும்பாலும் அந்த வரியிலேயே இருக்கும்.

ஐபி எண்ணை, அதாவது இணையத்தில் ஒரு கணினிக்கு உள்ள முகவரி எண்ணை, வைத்து ஏன் தடுக்கிறார்கள்? மெயில் அனுப்புவதற்கென்று 1982-ல் வகுத்த எஸ்எம்டிபி விதிமுறையில், அனுப்புநர் தன் பெயராக எதைச் சொன்னாலும் சர்வர் ஏற்றுக்கொள்ளும். பெயரில் பொய் சொல்லலாம், ஐபியில் சொல்வது மிகக் கடினம். இணைப்பு நிலைக்க வேண்டுமானால் பதில் அந்த எண்ணுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் 1997-ல் பால் விக்ஸியும் டேவ் ராண்டும் தொடங்கிய முதல் பட்டியலும் ஐபி எண்களின் பட்டியலாகவே இருந்தது.

பட்டியலைப் பார்க்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம், டொமைன் பெயருக்கு உரிய ஐபி எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் போதும். உங்கள் ஐபி 192.0.2.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெறும் சர்வர் அதைத் திருப்பிப் போட்டு 25.2.0.192 என்று எழுதி, பின்னால் பட்டியலின் டொமைன் பெயரை ஒட்டி, இப்படி ஒரு பெயர் உண்டா என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். இல்லை என்று வந்தால் பிரச்சினை இல்லை. உண்டு என்றால் 127.0.0 என்று தொடங்கும் ஒரு எண் வரும். அதன் கடைசிப் பகுதிதான் முக்கியம். பரவலாகப் பயன்படும் ஸ்பேம்ஹவுஸ் பட்டியலில் 2 என்றால் ஸ்பேம் அனுப்பும் இடம் என்ற பதிவு. 4 என்றால் அந்த ஐபியில் மால்வேர் புகுந்த கணினி இருக்கிறது. 10, 11 வந்தால் குற்றம் ஏதும் இல்லை. நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத, வீட்டு இணைப்பு போன்ற ஐபி என்றுதான் பொருள். 127.255.255.254 வந்தால் அது உங்களைப் பற்றிய பதிலே அல்ல. எல்லோருக்கும் திறந்திருக்கும் பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டதால் பதில் தர மறுக்கிறார்கள், அவ்வளவுதான். இதைப் பார்த்து வீணாகப் பதறுபவர்கள் நிறைய.

காரணம் தெரிந்ததும் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி உடனே விண்ணப்பிக்கத்தான் கை போகும். அது தவறான வரிசை. ஸ்பேம் இன்னும் போய்க்கொண்டிருந்தால் நீக்கிய சில மணி நேரத்திலேயே மறுபடி சேர்த்துவிடுவார்கள், அடுத்த முறை நீக்குவதும் கடினமாகும். முதலில் ஓட்டையைத் தேட வேண்டும்.

உங்கள் மெயில் சர்வர் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் மெயில்கியூ (mailq) கட்டளையைக் கொடுத்து, தேங்கி நிற்பதைப் பாருங்கள். சம்பந்தமே இல்லாத முகவரிகளுக்கு ஆயிரக்கணக்கில் நின்றால், சர்வரின் பதிவேடான லாகில் எந்தப் பயனர் பெயரில் லாகின் ஆகி அவை வந்தன என்று தேடுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அவருடைய பாஸ்வேர்ட் திருடு போயிருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளையும் துண்டித்து, கியூவில் நிற்கும் ஸ்பேமையும் அழிக்க வேண்டும். பயனர் பெயரே இல்லாமல் வெப் சர்வரின் கணக்கிலிருந்து போயிருந்தால், ஏதோ ஒரு தளத்தின் தொடர்புப் படிவமோ பழைய ப்ளக்இன்னோ ஓட்டையாக இருக்கும். லாகில் எதுவுமே இல்லையா? அப்படியானால் அதே பொது ஐபியைப் பகிரும் வேறொரு கணினி நேரடியாக அனுப்பிக்கொண்டிருக்கலாம். மெயில் சர்வரைத் தவிர மற்ற எதுவும், சர்வர்களுக்கிடையே மெயில் போகும் 25-ஆம் போர்ட் வழியே வெளியே போகாதபடி ஃபயர்வாலில் தடுத்துவிடுங்கள்.

அப்புறம் விண்ணப்பம். என்ன நடந்தது, எப்படி அடைத்தீர்கள் என்று நேராக எழுதினால் போதும். ஸ்பேம்காப் போன்ற பட்டியல்களில் புகார் நின்றால் பதிவு தானாகவே போய்விடும். பணம் கொடுத்தால் உடனே நீக்குகிறோம் என்று சொல்லும் பட்டியல்களும் உண்டு, கொடுக்காதீர்கள். பெரிய மெயில் நிறுவனங்கள் அவற்றைப் பொருட்படுத்துவது அரிது.

பட்டியலிலிருந்து வெளியே வந்த அன்றே எல்லாம் இன்பாக்ஸுக்குப் போய்விடாது. ஜிமெயில் போன்றவை அனுப்புநரைப் பற்றித் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. மொத்தமாக மெயில் அனுப்புவோருக்கு, அனுப்புநர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் 2024 முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். ஸ்பேம் புகாரும் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆகவே சில நாட்கள் குறைவாகவே அனுப்புங்கள். லாகில் மறுப்புகள் குறையக் குறைய அளவைக் கூட்டிக்கொள்ளலாம்.