மூச்சைக் கவனித்தால் பி.பி. ஏன் இறங்குகிறது?

தாடைக்குக் கீழே, கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் சுவரில் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் இவை உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் தமனிச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை உணர்ந்து, மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சொல்வதுதான் இவற்றின் வேலை. அழுத்தம் ஏறினால் வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்தும். ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் பரிவு நரம்புகளும் பிடியைத் தளர்த்தும். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் பெரும்பாலும் இந்த ஏற்பாடு மந்தமாகிவிடுகிறது. ஏறிய அழுத்தத்தையே அது இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறது.

மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் மனவிழிப்புப் பயிற்சி இங்கேதான் கைகொடுக்கிறது. அதில் மூச்சை அடக்கச் சொல்வதில்லை, கவனிக்கத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் கவனம் நிலைக்க நிலைக்க மூச்சு மெதுவாகிவிடுகிறது. நம் ரத்த அழுத்தமோ ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒருமுறை லேசாக ஏறி இறங்கும் இயல்புடையது. நிமிடத்துக்கு 6 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கும் அதே 10 விநாடி. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளுவதுபோல இரண்டு அலைகளும் இணைந்து வலுக்கின்றன. மந்தமான உணர்முனை ஏற்பாடு மீண்டும் கூர்மை பெறுகிறது.

இத்தாலியில் லூசியானோ பெர்னார்டியின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வு இதில் எனக்கு மிகவும் பிடித்தது. லத்தீன் ஜெபமாலையையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரத்தையும் சொல்லச் சொல்லி அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு 6 அளவுக்கு வந்தது, அந்தக் கூர்மையும் கூடியது. வெவ்வேறான இரண்டு மரபுகள் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன!

உட்கார்ந்திருக்கும்வரை சரி, எழுந்த பிறகு? அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் எரிக் லவுக்ஸ் குழுவினர் 201 பேரை வைத்துச் செய்த சோதனை 2023இல் வெளியானது. 8 வாரப் பயிற்சி பெற்றவர்களுக்கு 6 மாதம் கழித்து மேல் அளவு சராசரியாக 5.9 புள்ளி குறைந்திருந்தது. வழக்கமான கவனிப்போடு வீட்டு பி.பி. கருவியும் பெற்ற மற்றவர்களைவிட இது 4.5 புள்ளி அதிகம். பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்தே கழிக்கும் நேரமும் குறைந்திருந்தது, சாப்பாடும் மேம்பட்டிருந்தது. மூச்சைக் காட்டிலும் இதுவே பெரிய வழி என்று நான் கருதுகிறேன்: உடல் சொல்வதைக் கேட்கப் பழகியவருக்கு, பதற்றத்தில் கை ஊறுகாய்க்கும் சிகரெட்டுக்கும் போவது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

அமெரிக்க இதயச் சங்கம் 2017 அறிக்கையில் தியானத்தை மருந்தோடு சேர்த்துக்கொள்ளும் துணையாகவே வைத்தது. மாத்திரையைக் குறைக்கலாமா என்பதை, வீட்டில் பல வாரம் குறித்துவைத்த அளவுகளைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.