கடலடியில் கிடைத்த மரத்தைத் தயவுசெய்து வெயிலில் காய வைக்காதீர்கள்

போன வருடம் ஒருவர் எங்கள் அருங்காட்சியகத்துக்கு ஒரு பழைய மரக் கப்பியைக் கொண்டுவந்தார். பாய்மரக் கப்பல்களில் கயிறு ஓடுவதற்கு மாட்டியிருப்பார்களே, அதுதான். முக்குளிக்கும்போது மணலில் பாதி புதைந்து கிடந்ததாம். எடுத்தபோது புதுசு மாதிரி இருந்தது, கயிறு தேய்த்த தடம்கூட விரலுக்குத் தட்டுப்பட்டது என்றார். வீட்டுக்குக் கொண்டுபோய், கழுவி, மொட்டை மாடியில் ஒரு வாரம் காய வைத்து, வார்னிஷும் பூசியிருக்கிறார். அத்தனையும் அக்கறையில் செய்ததுதான். ஆனால் என் மேசைக்கு வந்தபோது அது மூன்றாகப் பிளந்து முறுக்கிக்கொண்டு கிடந்தது. நான் விரலால் எவ்வளவு தடவிப் பார்த்தும் அந்தக் கயிற்றுத் தடம் கிடைக்கவில்லை.

நீரில் ஊறிய மரங்களைப் பதப்படுத்துவது என் வேலை. இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, அந்த மரம் பார்க்கத்தான் மரம் என்பதை. நூற்றாண்டுக்கணக்கில் தண்ணீரில் கிடக்கும்போது அதற்கு உறுதி தரும் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளைப் பாக்டீரியாக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், மிஞ்சுவது லிக்னின் என்கிற கூடும் அதற்குள் நிறைந்திருக்கும் தண்ணீரும்தான், உருவத்தைத் தாங்கிப் பிடித்திருப்பதே அந்தத் தண்ணீர். அது ஆவியாகும்போது மெலிந்துபோன செல் சுவர்களை உள்ளே இழுத்து நசுக்கிவிடும். மறுபடி ஊற வைத்தாலும் பழைய உருவம் வராது.

அதனால்தான் அருங்காட்சியகங்கள் தண்ணீரை வெளியேற்றுவதற்கு முன்னால் அந்த இடத்தில் பாலி எத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளை ஏற்றுகின்றன. ஸ்டாக்ஹோமில் இருக்கும் வாசா கப்பல் 1628-இல் தன் முதல் பயணத்திலேயே துறைமுகத்துக்குள் மூழ்கியது. பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அங்கே பிழைக்காது, ஆகவே 1961-இல் மேலே தூக்கியபோது கப்பல் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. அதற்கப்புறம் 17 வருடம் அந்த மெழுகுப் பொருளின் கரைசலை அதன் மேல் தெளித்தார்கள். அதோடு முடிந்ததா? 2000-ஆம் ஆண்டு ஈரமான ஒரு கோடைக்குப் பிறகு மரத்தின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக ஏதோ படிந்திருந்தது, சோதித்தால் அமிலம். கழிவு கலந்த துறைமுக நீரில் கிடந்தபோது மரத்துக்குள் சேர்ந்த கந்தகமும், துருப்பிடித்த ஆணிகளின் இரும்பும் சேர்ந்து செய்த வேலை அது. இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பல் 1982-இல் மேலே வந்தது, தெளிப்பை நிறுத்தியது 2013-இல். கண்ணாடிக்குப் பக்கத்தில் எழுதி வைக்கும் குறிப்பில் இதையெல்லாம் எழுத வேண்டும் என்று நான் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறேன். தூக்கி வந்து நிறுத்தினால் போதும் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள்.

மரம் கெடுவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய இழப்பு, பொருள் கிடந்த இடம் கலைவது. துருக்கியின் தெற்குக் கரையில், உலுபுருன் முனைக்குப் பக்கத்தில், 1982-இல் கடற்பஞ்சு எடுக்கப் போன ஒருவர் அடியில் காது வைத்த உலோக பிஸ்கட்டுகளைப் பார்த்ததாகச் சொன்னார். அவை மூழ்கிப்போன ஒரு கப்பலின் சுமை, சுமார் 3,300 வருடம் பழைய செம்புப் பாளங்கள். 1984 முதல் 1994 வரை ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றையும் கிடந்த இடத்திலேயே வரைந்து, அளந்து, அப்புறம்தான் எடுத்தார்கள். செம்பு சுமார் 10 டன், வெள்ளீயம் சுமார் ஒரு டன், வெண்கலம் வார்க்க ஏறக்குறைய வேண்டிய விகிதம். அந்தப் பாளங்களை ஆளுக்கொன்றாக அலமாரிக்குக் கொண்டுபோயிருந்தால் இந்தக் கணக்கு யாருக்குமே தெரிந்திருக்காது. கப்பலின் அடிப்பலகைகள் கொஞ்சமாவது மிஞ்சியதும் அந்தச் சுமைக்கு அடியில்தான். துருக்கியின் போட்ரும் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்தக் கப்பலில் கிடைத்த சின்ன மர எழுதுபலகையைப் பாருங்கள், தந்தத்தில் கீல் வைத்தது, உள்ளங்கையில் அடங்கிவிடும். அவசரக் கை ஒன்று கிளறியிருந்தால் சேற்றோடு போயிருக்கும்.

யுனெஸ்கோவின் 2001-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் இதைத்தான் சொல்கிறது: நூறு வருடமாவது நீருக்கடியில் கிடந்தவற்றை, முடிந்தவரை கிடக்கும் இடத்திலேயே பாதுகாப்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், விற்பனைக்காகத் தோண்டக் கூடாது.

ஆகவே பார்த்தால் படம் எடுங்கள், ஆழத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், தொடாமல் மேலே வாருங்கள். அப்புறம் தொல்லியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ மட்டும் சொல்லுங்கள், இணையத்தில் இடத்தைப் போடாதீர்கள். வலையில் சிக்கியோ அலை ஒதுக்கியோ ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதென்றால், அதே கடல்நீரை ஒரு மூடியுள்ள வாளியில் நிரப்பிப் பொருளை முழுக்க அமிழ்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒட்டியிருக்கும் சிப்பியையும் துருவையும் சுரண்ட வேண்டாம், பல சமயம் உள்ளே இருந்த இரும்பு முழுக்கக் கரைந்துபோய் அதன் அச்சு மட்டும்தான் அந்தக் கட்டிக்குள் மிஞ்சியிருக்கும். வாளியோடு அப்படியே கொண்டுவாருங்கள். எந்த நேரமானாலும் நாங்கள் வாங்கிக்கொள்வோம்.