பாறையில் மோதிய கண்ணாடிப் படகு

நோர்வூட் பக்கத்திலிருந்து தரம் 10 மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கிறவர்களின் ஃபைபர் படகு கண்ணாடியால் ஆனது என்கிறார்கள். கண்ணாடிக் கோப்பை கைதவறினாலே நொறுங்குகிறது. படகு பாறையில் இடித்தால் மட்டும் உட்பக்கம் வெள்ளையாக ஒரு தழும்புதான் தெரிகிறது. அது எப்படி?"

அந்த வெள்ளைத் தழும்பைக் கவனித்ததற்கே இந்த மாணவியைப் பாராட்ட வேண்டும். விடை அதற்குள்தான் இருக்கிறது.

படகு செய்யும் முறை பலருக்கும் தெரியும். ஏறத்தாழ 1400 பாகை செல்சியஸில் உருகிய கண்ணாடியை பிளாட்டினம்-ரோடியம் தட்டின் சிறு துளைகள் வழியே வேகமாக இழுத்தால், 10 முதல் 20 மைக்ரோன் தடிப்பில் இழை வரும். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிப்பு. இழைகளைச் சேர்த்துத் துணியாக நெய்து, அச்சில் அடுக்கி, ஹார்டனர் (இறுக வைக்கும் பொருள்) கலந்த ரெசினை (பசை போன்ற பிளாஸ்டிக் திரவம்) ஊற வைத்தால் இறுகிவிடும்.

கண்ணாடிக்கு இயல்பிலேயே பலம் குறைவு என்று நினைக்கிறோம். அது தவறு. சிலிக்கனும் ஒட்சிசனும் கோத்த பிணைப்பு மிக உறுதியானது. கெடுப்பது மேற்பரப்பிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். இழுவிசை முழுவதும் கீறலின் நுனியில் போய்க் குவிகிறது. உலோகமாக இருந்தால் அந்த இடத்தில் சற்று இளகி, நுனி மழுங்கும். கண்ணாடிக்கு இளகத் தெரியாது. வெடிப்பு ஒரே ஓட்டமாக ஓடிவிடும். இங்கிலாந்துப் பொறியியலாளர் கிரிஃபித் 1921இல் அச்சான கட்டுரையில் இதை அளந்து காட்டினார். 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடிக் கம்பி ஏறத்தாழ 170 மெகாபாஸ்கல் (இழுவைத் தகைப்பின் அலகு) இழுவையில் அறுந்தது, 3.3 மைக்ரோன் இழையோ ஏறத்தாழ 3400 வரை தாங்கியது. பொருள் ஒன்றே, பலம் இருபது மடங்கு! புதிதாக இழுத்த இழையை விரலால் தொட்டாலே அந்தப் பலம் இறங்கத் தொடங்கும். அதனால்தான் தொழிற்சாலையில் துளையை விட்டு வெளியே வந்த கையோடு அதற்கு ஒரு பாதுகாப்புப் பூச்சு பூசுகிறார்கள்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாறை இடிக்கிறது, ரெசினில் வெடிப்பு கிளம்புகிறது, இழையை எட்டுகிறது. இழையை அறுத்துக்கொண்டு நேரே போவதைவிட, இழைக்கும் ரெசினுக்கும் இடையிலுள்ள ஒட்டைப் பிரித்துக்கொண்டு பக்கவாட்டில் போவது அதற்கு எளிது. திரும்பியதும் அதன் கூர்மை மழுங்குகிறது. அடுத்த இழையிலும் அதே கதை. ஒரே வெடிப்பாகப் படகைப் பிளந்திருக்க வேண்டிய சக்தி, ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பிரிவுகளில் செலவாகிவிடுகிறது. நடுவில் சில இழைகள் அறுந்தாலும் பயமில்லை. தேர் வடத்தில் ஒரு புரி அறுந்தால், முறுக்கின் உராய்வால் மற்றப் புரிகள் சுமையை ஏற்கும் அல்லவா? இங்கே அந்த வேலையை ரெசின் செய்கிறது. அறுந்த இடத்திலிருந்து சிறிது தள்ளி, அதே இழை மீண்டும் தன் பங்குச் சுமையைத் தாங்குகிறது.

சரி, வெள்ளை எங்கிருந்து வந்தது? உலர்ந்த கண்ணாடித் துணி பால் வெள்ளை. ரெசின் பட்டதும் கண்முன்னே மறைந்துவிடும். கண்ணாடியின் முறிவுச் சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று காட்டும் எண்) ஏறத்தாழ 1.55, ரெசினுடையதும் அதற்கு மிக அருகில். எல்லை இருப்பதே தெரியாமல் ஒளி நேரே கடந்து போகிறது. மோதலில் இரண்டும் பிரிந்தால் இடைவெளியில் காற்று நுழைகிறது. அதன் சுட்டி 1. ஒவ்வொரு நுண்பிளவிலும் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. மாணவி பார்த்தது, படகு காப்பாற்றப்பட்ட இடங்களின் வரைபடம்.

வெள்ளைத் துணி ரெசினில் மறைவதை நேரில் பார்க்கும் பரிசோதனைக்கு ஒரு சாண் கண்ணாடித் துணியும் கொஞ்சம் ரெசினும் போதும். ஒளிமுறிவைக் கரும்பலகையில் மட்டும் பார்த்துப் பரீட்சை எழுதும் தோட்டப்புறப் பிள்ளைகள் எத்தனை பேர்! கட்டடத் திறப்பு விழாக்களுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு ஆய்வுகூடப் பொருட்களுக்குப் போக வேண்டும் என்று உரத்தே சொல்வேன்.

தழும்பை அப்படியே விட்டுவிடக் கூடாது. பிளவுகள் வழியே தண்ணீர் இழையோரமாக ஊறிப் போய், ஒட்டையும் கண்ணாடியையும் மெல்ல அரிக்கும். வெள்ளை போகும்வரை தேய்த்து, நன்றாக உலர்த்திப் புதுத் துணி ஒட்டுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் அவசியம். இழைத் துகள் இரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போகும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. தோலில் வரும் அரிப்பு வெறும் குத்தல்தான். ஆனால் தூசு மூச்சுக் குழாயை உறுத்தும்.

மலையகக் குளிரில் ரெசின் இறுகத் தாமதமாகும். அதற்காக ஹார்டனரை அள்ளி ஊற்றாதீர்கள். வழக்கமான அளவு நூற்றுக்கு 1 முதல் 2 பங்குதான். கூடினால் சூடேறி வெடிப்பு விழும். பனிமூட்டம் விலகி வெயில் ஏறிய நேரத்தில் வேலையைத் தொடங்குங்கள். கோபால்ட் முடுக்கியை (ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் பொருள்) தனியாக வாங்கியிருந்தால் முதலில் அதை ரெசினில் கலக்கி முடித்த பிறகே ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.