சந்தா பிடித்த சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்

2015 செப்டம்பரில் மூணாறு கண்ணன் தேவன் தோட்டங்களில் கொழுந்து கிள்ளும் பெண்கள், 10 சதவீத போனஸை ஏற்க மறுத்து ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸும், 232 ரூபாயாக இருந்த நாள் கூலியை 500 ஆக்கவும் கேட்டார்கள். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற அவர்களின் அமைப்பின் பெயர் அப்போதுதான் வெளியே தெரிந்தது. கம்பெனிமேல் இருந்த கோபத்துக்குக் குறையாத கோபம் சங்கத் தலைவர்கள்மேலும் இருந்தது. மாதாமாதம் சந்தா வாங்கிய சங்கங்களின் தலைவர்களையே அவர்கள் பக்கத்தில் நெருங்க விடவில்லை.

சங்கப் பணம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல் கேட்கும். ஒன்று, "அரசு விசாரணை வைக்கணும்." இன்னொன்று, "விசாரணை என்பதே சங்கத்தை உடைக்கிற வேலை." இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் விசாரணைக் கமிஷன் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது தெரியாமலேதான் இந்தச் சண்டை பெரும்பாலும் நடக்கிறது.

1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி கமிஷன் சாட்சியை அழைக்கலாம், ஆவணம் கேட்கலாம். தண்டிக்க முடியாது. அதன் அறிக்கை அரசைக் கட்டுப்படுத்தாது. எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ வைக்க வேண்டும், அவ்வளவுதான். கமிஷன்முன் ஒருவர் சொன்ன வாக்குமூலத்தை, பொய்சாட்சி வழக்கு தவிர, அவருக்கு எதிராக வேறு வழக்கில் பயன்படுத்தவும் முடியாது. பணத்தை மீட்கவும் கையாடலுக்குத் தண்டனை வாங்கவும் போலீஸ் புகாரும் நீதிமன்றமும்தான் வழி.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். 2014இல் டோனி அபாட் அரசு, தொழிற்சங்க ஊழலை விசாரிக்க டைசன் ஹெய்டன் தலைமையில் ராயல் கமிஷன் அமைத்தது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த முன்னாள் சங்கத் தலைவர் பில் ஷார்ட்டனே சாட்சிக் கூண்டுக்கு அழைக்கப்பட்டார். 2015 ஆகஸ்டில், ஆளும் லிபரல் கட்சிக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் பேச ஹெய்டன் ஒப்புக்கொண்டிருந்தது வெளியே வந்தது. விலகச் சொன்னார்கள், விலக மறுத்தார். பிறகு விவாதம் பெரும்பாலும் கமிஷனைப் பற்றித்தான் ஓடியது, பணத்தைப் பற்றி அல்ல. எதிராளியை மடக்க அமைத்த கமிஷன் என்று பெயர் வாங்கிவிட்டால் உண்மையான கண்டுபிடிப்பும் சந்தேகத்துக்குள் போய்விடுகிறது. அதனால் இங்கே விசாரணை கேட்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, விசாரணை வரம்பில் பணம் கொடுத்த நிர்வாகமும் இருக்கிறதா என்பதை.

ஏனென்றால் அந்தக் கமிஷன் வெளிக்கொண்டுவந்ததில் தோட்டத் தொழிலாளி கூர்ந்து பார்க்க வேண்டியது கிளீன்ஈவன்ட் என்ற துப்புரவு நிறுவனத்தின் விவகாரம். ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கத்தின் விக்டோரியா கிளைக்கு நிறுவனமே ஆண்டுக்கு 25,000 டாலர் கொடுத்தது, உறுப்பினர் சந்தா என்ற பெயரில். பதிலுக்குச் சங்கம் பழைய மலிவான ஊதிய ஒப்பந்தத்தையே தொடர விட்டது. குறைந்த கூலி வாங்கிய துப்புரவுத் தொழிலாளிக்குத் தான் உறுப்பினர் என்பதே தெரியாமல் இருந்திருக்கலாம். இதைத் தடுக்க 2017இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

இங்கேயும் உறுப்பினர் எண்ணிக்கைக்கு விலை உண்டு. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்குப் பதில் 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கும் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்தில், பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கமே தனியாகப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும். அதனால் உறுப்பினர் பட்டியலை ஊதிக் காட்டும் ஆசை இனி கூடும். உங்கள் எழுத்து ஒப்புதல் இல்லாமல் சம்பளத்தில் சந்தா பிடிக்கக் கூடாது. எந்தச் சங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டோம், சம்பளச் சீட்டில் எந்தச் சங்கத்தின் பெயர் வருகிறது, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள்.

அடுத்து ஒரு பெருக்கல். உதாரணத்துக்கு, 400 பேர், மாதம் 50 ரூபாய் பிடித்தம் என்றால் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். சங்கம் பதிவாளருக்குத் தரும் ஆண்டறிக்கையின் சந்தா வரவில் 1,60,000 என்று இருந்தால், 80,000 எங்கே என்பதற்குப் பதில் வேண்டும். கிளை வைத்துக்கொண்டது, மேல் கமிட்டிக்குப் போனது என்பார்கள். போகட்டும், ஆனால் முழுத் தொகையும் வரவில் ஏறி, பிறகு செலவில் இறங்க வேண்டும். வரவிலேயே ஏறாத பணத்தை ஆடிட்டர் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் அவர் பெரும்பாலும் பார்ப்பது கொடுத்த புத்தகத்தைத்தான்.

போனஸ் நேரத்து வசூல்தான் அதிகம் நழுவுகிற இடம். கட்டிட நிதி, மாநாட்டு நிதி என்று கூப்பன் கிழிப்பார்கள். வரிசை எண் இல்லாத, அடிக்கட்டை இல்லாத கூப்பனுக்குப் பணம் தராதீர்கள். அரசியல் செலவுக்கான நிதி சட்டப்படி தனிக் கணக்கு. கொடுக்கும்படி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்த முடியாது. சங்கத்துக்கென்று வாங்கிய இடம் தலைவர் பெயரில் பத்திரமாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவுபெற்ற சங்கம் தன் பெயரிலேயே சொத்து வாங்கலாம், ஆகவே "வேற வழியில்லம்மா, என் பேர்லதான் போட்டிருக்கு" என்ற பதில் செல்லாது.

கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் வசதியைச் சங்க விதியிலேயே எழுதியிருக்க வேண்டும். மறுத்தால், தொழிலாளர் துறையில் உள்ள தொழிற்சங்கப் பதிவாளருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள். சங்கத்தைவிட, ஆண்டறிக்கை இருக்கிற அரசு அலுவலகத்தைக் கேட்பதுதான் சுலபம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். "ஊழல் நடந்ததா?" என்று கேட்டால் பதில் வராது, அந்தச் சட்டம் தருவது ஆவணம், கருத்து அல்ல. சங்கத்தின் பதிவு எண்ணைக் குறித்து, கடந்த மூன்று ஆண்டுகளின் ஆண்டறிக்கை, தணிக்கை அறிக்கை, நிர்வாகிகள் பட்டியல் ஆகியவற்றின் நகல் என்று மட்டும் எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். சங்கத்தின் ஆட்சேபத்தைக் கேட்டால் 40 நாள் ஆகலாம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

"இந்தச் சங்கம் அறிக்கையே தரவில்லை" என்று பதில் வந்தாலும் அது பெரிய தகவல்தான். பழைய 1926 சட்டத்தில் அதற்கு அபராதம் முதலில் 5 ரூபாயாக இருந்தது, எவ்வளவு நாள் இழுத்தாலும் மொத்தம் 50 ரூபாய்க்கு மேல் போகாமல் இருந்தது. இத்தனை காலம் யாரும் பயப்படாததற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

கையில் நகல் வந்ததும் நோட்டீஸ் அடிக்க ஓடாதீர்கள். பொதுக்குழுவில் எழுந்து, "தலைவரே, இந்த வருஷச் சந்தா வரவு எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். கேள்வியும் பதிலும் மினிட் புத்தகத்தில் ஏறியதா என்று படித்துப் பார்த்துவிட்டு, பிறகு வருகைக் கையெழுத்துப் போடுங்கள்.