குளிரைத் தாங்கும் குதிரை ஈரத்தைத் தாங்காது

ஜூலை மாத அடைமழையில் ஊட்டியில் சவாரிக்குக் குதிரை விடும் ஒருவர் விடிந்ததும் அழைத்தார். "கொட்டகை போட்டுக் கொடுத்தும் உள்ளே போக மறுக்கிறது, டாக்டர். ராத்திரி முழுக்க மழையில்தான் நின்றது. அதற்கு ஏதோ கோளாறு."

போய்ப் பார்த்தேன். பெண் குதிரை காற்றுக்கு முதுகு காட்டி, தலையைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கிக்கொண்டு நின்றது. கொட்டகைக்குள் நுழைந்தேன். நான்கு பக்கமும் தகரம், ஒரே ஒரு குறுகிய வாசல். மூத்திர நெடியில் கண் எரிந்தது. அந்த வாசலையும் ஓர் ஆண் குதிரை காதை மடக்கிக்கொண்டு மறித்து நின்றது. கோளாறு குதிரையிடம் இல்லை.

நோயற்ற, குளிருக்குப் பழகிய குதிரை 5 டிகிரி செல்சியஸ் குளிரிலும் பெரிய சிரமமின்றி வெளியில் நிற்கும். ரோமம் சிலிர்த்து நிற்க, இடையில் தங்கும் காற்றுதான் அதன் கம்பளி. ஜனவரியில் புல்மேல் உறைபனி படிந்த காலைகளில் குதிரைகள் நிம்மதியாக மேய்வதைப் பார்த்திருக்கிறேன். மழை அந்தக் கம்பளியை உடம்போடு ஒட்டவைத்துவிடும். காற்றும் சேர்ந்தால் உடல் சூடு மளமளவென்று இறங்கும். குதிரை கூரையைத் தேடுவது பெரும்பாலும் அப்போதுதான்.

இதைக் குதிரைகளே 'சொல்லியிருக்கின்றன'. நார்வேயில் 23 குதிரைகளுக்கு, போர்வை வேண்டுமா வேண்டாமா என்பதைக் குறிகள் வரைந்த பலகைகளை மூக்கால் தொட்டுக் காட்டப் பழக்கினார்கள். ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஈரமும் காற்றும் குளிரும் சேர்ந்த நாட்களில் போர்வை கேட்ட குதிரைகள், நல்ல வெயில் நாட்களில் வேண்டாம் என்றன.

நனைந்த உடம்பின்மேல் பிளாஸ்டிக் தார்ப்பாயைக் கட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அக்கறையோடு செய்கிறார்கள், ஆனால் ஈரம் உள்ளேயே புழுங்குகிறது. சில நாட்களில் முதுகைத் தடவினால் விரலில் பொருக்கு தட்டும். ஒரு பொருக்கைப் பிடித்தால் ரோமக் கற்றையும் அதோடு சேர்ந்து, சின்னத் தூரிகைபோலக் கையோடு வந்துவிடும். அடியில் தோல் சிவந்து கசியும். டெர்மட்டோபிலஸ் என்ற பாக்டீரியாவின் வேலை அது. முதலில் உடம்பைத் துடைத்து உலர்த்துங்கள்.

தரையும் காய்ந்திருக்க வேண்டும். குதிரை நின்றபடியே கண்ணயரும். ஆழ்ந்து உறங்கப் படுத்தாக வேண்டும், சேற்றில் அது படுக்காது. பல நாள் படுக்காத குதிரை நின்ற இடத்திலேயே முன்னங்கால் மடங்கிச் சரியும். குளம்புக்கு மேலுள்ள மூட்டின் முன்புறத்தில் சிராய்ப்பு இருந்தால், அதன் உறக்கத்தைப் பற்றி யோசியுங்கள்.

குளிர் நாளில் கொள்ளைக் கூட்டிப் போடுவதைவிட உலர்புல்லைக் கூடுதலாகப் போடுங்கள். நார்த்தீனி பெருங்குடலில் நொதிக்கும்போது பிறக்கும் சூடு பல மணி நேரம் நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரும் வையுங்கள். சில்லென்ற தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும் குதிரைக்குக் குடலில் சாணம் இறுகி வயிற்றுவலி வரும்.

அவரிடம் கிழக்குப் பக்கத் தகரம் முழுவதையும் கழற்றச் சொன்னேன். தென்மேற்குப் பருவக்காற்றுக்கு அது மறைவான பக்கம். அகலமாகத் திறந்திருந்தால் ஒரு குதிரை இன்னொன்றை மறிக்கவும் முடியாது. தயங்கினார், ஆனாலும் கழற்றினார். அடுத்த வாரம் சாரலில் போனபோது இரண்டும் உள்ளே நின்றன. பெண் குதிரை ஓரத்தில், தலையை மட்டும் வெளியே நீட்டி, புல் மென்றுகொண்டிருந்தது.