ஹைபர்னேஷன்: உறக்கமா, ஒடுக்கமா?

மடிக்கணினியை மூடும்போது கண்ணில் படுகிற 'ஹைபர்னேட்' லத்தீனிலிருந்து வந்த சொல். அந்த மொழியில் 'ஹிபெர்னுஸ்' என்றால் குளிர்காலத்துக்கு உரியது, 'ஹிபெர்னாரே' என்றால் குளிர்காலத்தைக் கழிப்பது. ரோமானியப் படைகள் போரை நிறுத்திவிட்டுக் குளிர்காலத்தில் தங்கிய முகாமுக்கும் இதே வேரிலிருந்துதான் பெயர். நம் இலக்கணம் சொல்லும் கூதிர்ப்பாசறை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, மூலச் சொல்லில் தூக்கம் என்ற பேச்சே இல்லை. விலங்குகள் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் ஹைபர்னேஷனைத் தமிழில் 'குளிர்கால உறக்கம்' என்று எழுதியபோது உறக்கத்தை நாமாகச் சேர்த்துவிட்டோம். நாம் மட்டும் இல்லை, ஜெர்மானியர்களும் 'விண்டர்ஷ்லாஃப்', அதாவது குளிர்காலத் தூக்கம் என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தத் தூக்கம் எவ்வளவு பொருந்தாதது என்பது பிரையன் பார்ன்ஸின் ஆய்வுகளைப் படித்தால் புரியும். சூழல் உடலியங்கியல் அவர் துறை. அதாவது குளிர், வெப்பம், பட்டினி போன்றவற்றை உடல் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்கும் படிப்பு. ஃபேர்பேங்க்ஸிலுள்ள அலாஸ்கா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர், பின்னாளில் அங்குள்ள ஆர்க்டிக் உயிரியல் நிறுவனத்துக்கு இயக்குநரும் ஆனார். அவர் பெயரை உலகம் அறிந்தது ஓர் அணிலால். மரத்தில் ஏறும் நம்மூர் அணில் அல்ல, மண்ணில் வளை தோண்டி வாழும் ஆர்க்டிக் தரை அணில்.

வெப்பத்தை அளந்து வானொலி அலையில் அனுப்பும் சிறு கருவிகளை அந்த அணில்களின் உடலுக்குள் பொருத்திவிட்டுக் குளிர்காலம் முழுக்கக் கவனித்தார். 1989-ல் வெளியான முடிவு பலரைத் திகைக்க வைத்தது: உடலின் உள்வெப்பம் மைனஸ் 2.9 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருந்தது. தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே! ஆனாலும் இரத்தம் உறையவில்லை. சில மீன்களின் இரத்தத்தில் உறைதலைத் தடுக்கும் பொருள் உண்டு, இங்கே அப்படி எதுவும் சிக்கவில்லை. பனிப்படிகம் உருவாகத் தொடங்க ஒரு கரு, அதாவது பற்றி வளர ஒரு துகள் வேண்டும், அது கிடைக்காதவரை நீர்மம் உறைநிலையைத் தாண்டியும் நீர்மமாகவே இருக்கும். அந்த நிலையில்தான் அணில் வாரக்கணக்கில் கிடக்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம். இந்த அணில் வசந்தம் வரை ஒரேயடியாகக் கிடப்பதில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, சேர்த்து வைத்த கொழுப்பை எரித்து, உடம்பை 36 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக்கொள்கிறது. ஒரு நாளுக்கும் குறைவாக அந்தச் சூடு நிற்கும். அப்புறம் மறுபடி குளிர்ந்துவிடும். இவ்வளவு செலவு செய்து விழித்து என்ன செய்கிறது தெரியுமா? பெரும்பாலும் தூங்குகிறது. மூளையின் மின் அலைகளை வைத்து இதைக் காட்டிய 1991 கட்டுரையில் டச்சு ஆய்வாளர்களோடு பார்ன்ஸும் உண்டு. தூங்குவதற்காகத்தான் சூடாகிறதா, வேறு காரணமா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. எப்படியானாலும், தூங்க வேண்டுமென்றால் முதலில் வெளியே வர வேண்டிய ஒரு நிலையை 'உறக்கம்' என்று அழைப்பது விநோதம்தான்.

சரி, 'குளிர்கால' என்ற முன்பாதியாவது தேறுமா? அதுவும் சந்தேகமே. மடகாஸ்கரின் கொழுப்புவால் குள்ள லெமூர் என்ற, குரங்குக்கு உறவான சிறு விலங்கு, பகலில் 30 டிகிரியைத் தாண்டும் வறண்ட காட்டில், மரப்பொந்துக்குள் சுமார் ஏழு மாதம் இப்படிக் கிடக்கிறது. ஆய்வாளர் காத்ரின் டவுஸ்மனின் குழு 2004-ல் இதை எழுதியது. பொந்து சூடானால் அதன் உடம்பும் சூடாகும், பொந்து குளிர்ந்தால் உடம்பும் குளிரும். உடம்பு சில்லிட வேண்டும் என்றுகூட இல்லை. டோயன் என்ற ஆய்வாளரின் தலைமையில் பார்ன்ஸும் சேர்ந்து அலாஸ்கா கருங்கரடிகளை ஆராய்ந்த 2011 கட்டுரையின்படி, கரடியின் உடல்வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே போகவில்லை, ஆனால் வளர்சிதை மாற்றம், அதாவது உடல் ஆற்றலைச் செலவழிக்கும் வேகம், கால் பங்காகச் சுருங்கியது. நிமிடத்துக்கு 55 முறை துடித்த இதயம் 14-க்கு இறங்கியது.

அணில், லெமூர், கரடி மூன்றுக்கும் பொதுவாக மிஞ்சுவது செலவைச் சுருக்கிக்கொள்வது ஒன்றுதான். அதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: ஒடுங்குதல். நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கும், காய்ச்சலில் கிடந்தவர் ஒடுங்கிப் போவார். இயக்கம் குறையும், ஆனால் உள்ளே உயிர் இருக்கும். 'குளிர்கால ஒடுக்கம்' என்று எழுதுபவர்களும் உண்டு, பாதி வழி வந்துவிட்டார்கள்.

ஒரு தடை இருக்கிறது. நம் வேதியியல் பாடநூல்களில் ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான வினைக்கு 'ஒடுக்கம்' என்றே பெயர். சித்தர்கள் அடங்கிய இடத்தையும் ஒடுக்கம் என்பார்கள். அதனால் வெறுமனே விடாமல் 'நீள் ஒடுக்கம்' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) ஒரே இரவுக்கு உடம்பைக் குளிரவிட்டுக் காலையில் பறந்துவிடும், அது 'இரவு ஒடுக்கம்'. வெயிலுக்கும் வறட்சிக்கும் அஞ்சி நத்தை கிடப்பது 'கோடை ஒடுக்கம்'. மடிக்கணினியிலும் 'ஸ்லீப்'பை உறக்கம் என்றும் 'ஹைபர்னேட்'டை ஒடுக்கம் என்றும் பிரித்து எழுதிவிடலாம்.